பன்னிருவர் பாதம்: பெரிய வியாழன் சடங்கும் பணிவு என்னும் அறமும்

கத்தோலிக்கத் திருச்சபையின் வழிபாட்டு ஆண்டில் திருநீற்றுப் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவை நோக்கிச் செல்லும் நாற்பது நாள் நோன்புக் காலம் தமிழில் தவக்காலம் எனப்படுகிறது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் 'லெண்ட்' என்னும் பெயர் வசந்தத்தைக் குறித்த பழஞ்சொல்லின் வழிவந்தது. உயிர்ப்புப் பெருவிழா மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில், முழுநிலவை அடுத்து வரும் ஞாயிறன்று அமையும். தமிழர் பெரும்பொழுதுப் பகுப்பின்படி இது பின்பனி முடிந்து இளவேனில் பிறக்கும் எல்லை. சில ஆண்டுகளில் பங்குனி உத்திரத்தின் நிலவும் புனித வாரத்தின் நிலவும் ஒன்றாகவே அமைந்துவிடுவதுண்டு. ஐரோப்பியருக்குப் பனி உருகித் தளிர் தோன்றும் காலமாகிய இது, தமிழ்நாட்டுப் பங்குகளில் கிணற்றில் நீர் கீழிறங்கும் காலமாகும். ஒரே திருநாள், நிலத்துக்கு நிலம் வேறு பொருளைப் பெறுகிறது.

இக்காலத்தில்தான் பங்கின் கூட்டு வாழ்க்கை வெளிப்படையாகப் புலனாகிறது. வெள்ளிதோறும் பதினான்கு நிலைகளைக் கொண்ட சிலுவைப்பாதை வழிபாடு நடைபெறும். அதனை அன்பியங்கள் முறைவைத்து நடத்தும். புலால் விலக்கிச் சேர்த்த காசு தவக்காலக் காணிக்கையாகும். குருத்து ஞாயிறன்று ஓலையைச் சிலுவையாக முடைய அறிந்த கைகளைச் சுற்றிச் சிறுவர் கூடுவர். இடைக்காட்டூர் போன்ற ஊர்களில் பாஸ்கா நாடகத்திற்கான ஒத்திகை, ஊரையே நடிகராகவும் பார்வையாளராகவும் பிரித்துவிடும். இவற்றுள் பெரும்பாலானவை பலர் கூடிப் பலராகவே செய்யும் செயல்கள். ஆனால் பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் நிகழும் ஒரு சடங்கு மட்டும் தன் அமைப்பால் வேறுபடுகிறது. பங்குத்தந்தை மேலாடையைக் களைந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, முழந்தாளிட்டுப் பன்னிருவரின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும் இச்சடங்கு எழுப்பும் அறவியல் வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. நாள்காட்டி குறித்துத் தந்த நாளில், வழிபாட்டு நூல் விதித்த முறையில், ஊரார் பார்க்கச் செய்யப்படும் பணிவு பணிவாகுமா என்பதே அவ்வினா.

சடங்கின் வழித்தடம்

பாதம் கழுவிய நிகழ்ச்சியை யோவான் நற்செய்தியின் 13ஆம் இயல் மட்டுமே கூறுகிறது. ஏனைய மூன்று நற்செய்திகளும் அவ்விரவில் அப்பமும் இரசமும் பகிரப்பட்டதை விரிக்க, யோவான் அதனை விடுத்து நீரையும் துண்டையும் பேசுகிறார். இடைக்கால ஐரோப்பாவில் மடங்களிலும் பேராலயங்களிலும் அரண்மனைகளிலும் இச்செயல் நிகழ்த்தப்பட்டு வந்தது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப், வியன்னாவின் ஏழை முதியோர் பன்னிருவரின் பாதங்களை ஆண்டுதோறும் அரண்மனையில் கழுவினார். இங்கிலாந்து மன்னர்களும் இவ்வாறு செய்துவந்தனர். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியோடு அங்குக் கழுவுதல் நின்றுபோயிற்று. முதியோருக்குக் காசு வழங்குவது மட்டும் இன்றளவும் தொடர்கிறது. கழுவுவதைக் காட்டிலும் கொடுப்பது எளிது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1955 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வார வழிபாட்டைச் சீரமைத்தபோது, இச்சடங்கு மாலைத் திருப்பலியின் உள்ளேயே நிகழ்த்த இடம் பெற்றது. அச்சீரமைப்பு 1956 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஊர்ப்புறப் பங்கு ஆலயத்தில், மறையுரையை அடுத்து, சபையின் நடுவே கால் கழுவும் காட்சி தொன்மையானதாகத் தோன்றினும், இன்றுள்ள வடிவில் ஏறத்தாழ எழுபது ஆண்டு அகவையினதே. மேலும், அது கட்டாயமான சடங்கும் அன்று. மேய்ப்புப்பணி நோக்கில் தக்கதாயின் செய்யலாம் என்றே வழிபாட்டு நூல் கூறுகிறது. பன்னிருவர் என்னும் எண்ணும் மரபின் வழிப்பட்டதே.

விதிக்கப்பட்ட பணிவு

எதிர்வாதம் வெளிப்படையானது. பணிவு அகத்தின் பண்பு. அது தன்னை அறியாதபோதே முழுமையுடையது. ஒருவர் 'இன்று மாலை ஆறு மணிக்கு நான் பணிவுடன் இருப்பேன்' என்று கூறுவாராயின் அக்கூற்றே பணிவைக் கெடுத்துவிடும். ஆண்டில் ஒரு நாள் மண்டியிடுபவர் எஞ்சிய நாள்களில் மண்டியிடாதிருக்க உரிமை பெற்றுவிடுகிறார் என்றும் கூறலாம். தலைமையிடத்தில் இருப்பவர் மட்டுமே இச்சடங்கில் 'தாழ' முடிகிறது. ஏற்கெனவே தாழ்ந்த நிலையில் வைக்கப்பட்டோர் பிறர் காலைக் கழுவினால் அதனை யாரும் சடங்கு என்பதில்லை, வேலை என்றே கொள்வர்.

இதற்கு அரிஸ்டாட்டில் வழியில் ஒரு விடை உண்டு. நிக்கோமாக்கிய அறவியலின் இரண்டாம் நூலில் அவர், நீதியான செயல்களைச் செய்தே மனிதர் நீதியுடையோர் ஆகின்றனர் என்னும் கருத்தை நிறுவுகிறார். யாழ் வாசித்தே யாழ்ப்புலமை வருவதைப் போல, பண்பு செயலின் பின்னே வருகிறது. பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலும், நம்பிக்கை வராதவர் நம்புவோரின் புறச்செயல்களைச் செய்து தொடங்கட்டும் என்னும் கருத்துடையவர். இவ்வாறு நோக்கின் முழந்தாள் முதலில் மடங்குகிறது. உள்ளம் பிறகு மடங்கக்கூடும். இவ்விடை பயனுடையதே எனினும் முழுமையானதன்று. யாழ் வாசிப்போர் நாள்தோறும் வாசிக்கின்றனர். ஆண்டுக்கு ஒருமுறை சில நிமிடங்கள் செய்யும் பயிற்சியால் எந்தப் பண்பும் படிந்ததாகச் சான்றில்லை.

வள்ளுவரை இங்கு நினைவுகூர்தல் தகும். அடக்கமுடைமை அதிகாரத்தில் அவர், பணிதல் எல்லார்க்கும் நல்லதே எனினும் செல்வரிடத்தில் அது மற்றுமொரு செல்வமாக அமையும் என்கிறார். அவர் இதனைப் பாராட்டாகவே கூறினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்கருத்தினுள் அவர் கருதியிராத ஓர் எச்சரிக்கையும் உறைகிறது. செல்வமாகக் கருதப்படும் எதையும் ஈட்டலாம், சேர்க்கலாம், காட்டலாம். பணிவால் மதிப்பு உயரும் என்று அறிந்த பின் பணியும் ஒருவரைப் பணிவுடையவர் என்பதா, கணக்கறிந்தவர் என்பதா? பதவியில் உள்ளோரின் எளிமை செய்தியாகும் இக்காலத்தில் இவ்வினா கோயிலுக்கு வெளியேயும் பொருந்துவதே.

கழுவுபவரின் உள்ளத்தையே நோக்கி நின்றால் இவ்வினாவிற்கு முடிவு கிட்டாது. உள்ளம் பிறரால் காணப்படாதது. பல வேளைகளில் உடையவராலும் காணப்படாதது. நற்செய்தியாளரும் அப்பக்கம் அதிக நேரம் நிற்கவில்லை. அவர் காட்சியைத் திருப்பும் இடம் வேறு.

பங்கு என்னும் சொல்

யோவானின் கதையில் உரையாடல் எழுவது, கழுவப்பட வேண்டியவர் காலை இழுத்துக்கொள்ளும்போதுதான். பேதுரு மறுக்கிறார். மறுப்பதற்கு அவர் கொண்ட காரணம் மதிப்பு. தலைவர் தம் காலைத் தொடுவது முறையன்று என அவர் கருதுகிறார். அதற்கு இயேசு கூறும் விடையில், கழுவப்படாவிடின் தம்மோடு அவருக்குப் பங்கு இல்லாமற்போகும் என்னும் கருத்து அமைகிறது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் இவ்விடத்தில் ஆளப்படும் சொல் 'பங்கு' என்பதே.

கத்தோலிக்கத் தமிழில் ஓர் ஆலயத்தைச் சூழ்ந்த இறைமக்கள் திரளுக்கும் 'பங்கு' என்றே பெயர். பங்குத்தந்தை, பங்குப் பேரவை, பங்கு மக்கள், கிளைப்பங்கு என அச்சொல் விரிகிறது. ஐரோப்பிய மொழிகளில் இதற்கு நிகராக வழங்கும் சொற்கள், அருகில் குடியிருத்தல் அல்லது அயலாராகத் தங்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் திரிபுகள். தமிழ்ச் சொல்லோ பகிர்வைச் சுட்டுவது. பாகப் பிரிவினையில், உழவில், கூட்டு வாணிகத்தில் வழங்குவது. பங்கு உடையவர் கேட்கும் உரிமையும் உடையவர். எனவே தமிழ் வாசகருக்குப் பேதுருவின் மறுப்பும் அதற்கான விடையும் ஓர் ஆலயத்தின் உறுப்புரிமை பற்றிய பேச்சாகவே ஒலிக்கின்றன. கழுவப்படுதலை ஏற்காதவர் பங்கில் இல்லை என்பது ஒரு பொருள். கழுவப்படத் தகுந்தவராக ஏற்கப்படாதவருக்கும் பங்கு இல்லாமற்போகிறது என்பது, இந்திய மண்ணில் அதனோடு ஒட்டிவரும் மறுபொருள்.

பாதத்திற்குத் தமிழ் மரபு தந்துள்ள இடத்தையும் இதனோடு சேர்த்துக் காணவேண்டும். திருக்குறளின் முதல் அதிகாரத்தில் பத்துப் பாக்களுள் ஏழு, தாள் அல்லது அடி என்னும் சொல்லை ஆள்கின்றன. அடியார் என்னும் சொல்லே அடியிலிருந்து பிறந்தது. இம்மரபில் இயக்கம் பெரும்பாலும் ஒரே திசையில் அமையும். தாழ்ந்தவர் தலை உயர்ந்தவர் அடியை நாடிச் செல்லும். பெரிய வியாழன் சடங்கு அத்திசையைத் திருப்புகிறது. இங்ஙனம் திருப்பிய முதல் இடம் இதுவே என்று கருதிவிடலாகாது. சைவ இலக்கியத்தில் இதனை ஒத்த ஒரு காட்சி உண்டு. அது சில வகைகளில் இதனினும் கடுமையானது.

கலிக்கம்பர் மனைவியின் கை

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய பெரிய புராணத்தில் வரும் கலிக்கம்ப நாயனார், நடுநாட்டுப் பெண்ணாகடத்தில் வாழ்ந்த வணிகர். சிவனடியார்களை இல்லத்திற்கு அழைத்து, அவர்தம் திருவடிகளை விளக்கி, அமுது படைப்பது அவரது வழக்கம். மனைவியார் கரகநீர் வார்க்க, அவர் கழுவுவார். ஒருநாள் வந்த அடியாருள் ஒருவர், முன்னர் அவர்கள் வீட்டில் ஏவல் செய்து, அதனை வெறுத்து நீங்கியவர். அவரை மனைவியார் அடையாளம் கண்டுகொண்டார். நீர் வார்க்கும் கை தயங்கிற்று. கலிக்கம்பர் தயக்கத்தின் காரணத்தை உணர்ந்து, அக்கையை வெட்டிவிட்டுத் தாமே நீர் வார்த்துக் கழுவினார்.

இக்கதையைப் பக்தியின் உறுதிக்குச் சான்றாகப் படிப்பதே மரபு. அறவியல் நோக்கில் இரண்டு செய்திகள் தனித்துக் கருதத்தக்கன. ஒன்று, தயக்கம் எப்போது தோன்றியது என்பது. அறியாத அடியார் எத்தனையோ பேருக்கு அவ்வம்மையார் நீர் வார்த்தவரே. அவர்களுள் பிறப்பாலும் பொருளாலும் தாழ்ந்தோர் இருந்திருக்கக்கூடும். அப்போதெல்லாம் கை நடுங்கவில்லை. முன்னாள் ஏவலாளர் என்று முகத்தை அடையாளம் கண்ட அக்கணத்தில்தான் நடுங்கிற்று. அயலாரின் பாதத்தில் அடியாரைக் காண்பது எளிது. தம் வீட்டில் பாத்திரம் துலக்கியவரின் பாதத்தில் அடியாரைக் காண்பதே அரிது.

மற்றொன்று, இக்கதை பேசாது விடுவது. தொண்டு கலிக்கம்பருடையது, இழப்பு மனைவியாருடையது. அவர் பெயரையும் மரபு நமக்குத் தரவில்லை. ஒருவர் தம் பணிவை நிறைவு செய்துகொள்ளும்போது அதற்கான விலையை மற்றொருவர் உடல் கொடுத்தது. சேக்கிழார் காலத்து அற உணர்வில் இது குறையாகத் தோன்றாதிருக்கலாம். இன்றைய வாசகர் இதனைக் காணாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. பணிவுச் சடங்கு எதனையும் ஆராயும்போது நீரை எடுத்து வந்தவர் யார் என்று கேட்பது பயனுள்ள கேள்வி. பெரிய வியாழன் மாலைக்குமுன் ஆலயத்தைக் கழுவித் துடைத்துத் துணி மடித்து வைக்கும் கைகள் பெரும்பாலும் பெண்களுடையன. அக்கைகளை அன்று மாலை யாரும் கழுவுவதில்லை.

முகம் அறிந்த சபை

கலிக்கம்பர் கதை காட்டும் உண்மையைக் கொண்டு நோக்கினால் பங்கு என்னும் அமைப்பின் தனித்தன்மை விளங்கும். திருத்தந்தை பிரான்சிஸ் 2013 மார்ச் 28 அன்று உரோமையில் காசல் தெல் மார்மோ இளையோர் சிறையில் பன்னிருவரின் பாதங்களைக் கழுவினார். அவர்களுள் இருவர் பெண்கள், இசுலாமியரும் இருந்தனர். 2016 மார்ச் 24 அன்று காஸ்தெல்நுவோவோ தி போர்த்தோவில் புகலிடம் தேடி வந்தோரின் பாதங்களைக் கழுவியபோது அவர்களுள் இந்து ஒருவரும் இருந்தார். 2024இல் ரெபிப்பியா மகளிர் சிறையில் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே பன்னிரு பெண்களின் பாதங்களைக் கழுவினார். இவை பெருஞ்செயல்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கழுவியவரும் கழுவப்பட்டவரும் மறுநாள் ஒரே தெருவில் எதிர்ப்பட வேண்டிய தேவையில்லை. வரப்புத் தகராறும் கடன் கணக்கும் அவர்களுக்கிடையே இல்லை. பங்கில் நிலைமை வேறு. அங்கு யாருடைய பாட்டன் யாருடைய வயலில் உழைத்தார் என்பது அனைவருக்கும் தெரியும். அமர்ந்திருக்கும் பன்னிருவரை நோக்கும் கண்கள் பாதங்களைப் பார்க்குமுன் முகங்களைப் பார்த்துவிடுகின்றன.

ஆகவே ஒரு பங்கின் அறநிலையைக் காட்டும் சான்று பங்குத்தந்தை எவ்வளவு தாழக் குனிந்தார் என்பதில் இல்லை. நாற்காலிகளில் அமரவேண்டிய பன்னிருவரின் பெயர்ப் பட்டியலில் உள்ளது. பட்டியல் உருவாகும் முறைகள் பல. அன்பியத்திற்கு ஒருவர் என அனுப்புவதுண்டு. பங்குப் பேரவை உறுப்பினரையே அமர்த்துவதுண்டு. திருவிழாச் செலவை ஏற்றவர்க்கு மதிப்புச் செய்யும் வாய்ப்பாக இது மாறிவிடும் இடங்களும் உண்டு. அவ்வாறு மாறும்போது தாழ்வின் சடங்கு முதல்மரியாதையாகித் தலைகீழாகிறது. தேர்வடம் பிடிக்கும் வரிசைக்கும் இதற்கும் வேறுபாடு இராது.

தமிழகக் கத்தோலிக்க வரலாறு இப்பட்டியலை எளிதானதாக விட்டுவைக்கவில்லை. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயம், சாதிப்பிரிவினர் ஒருவரையொருவர் காணாதவாறு, பீடத்தில் மட்டும் சந்திக்கும் இரு கிளைகளாக அமைக்கப்பட்டது. காற்சட்டையின் வடிவை ஒத்தது எனப் பலர் இதனை எழுதியுள்ளனர். பிரிப்புச் சுவர் 1910இல் அகற்றப்பட்டது. அதனை எதிர்த்த வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றும் சுவர் மீளவில்லை. ஒரே அப்பத்தை உண்போர் ஒருவர் முகத்தை ஒருவர் காணாதிருக்கக் கட்டடக் கலை துணைபோன காலம் அது. அங்குப் பெரிய வியாழன் வழிபாட்டில் நற்செய்தியின் 13ஆம் இயல் இரு கிளைகளுக்கும் ஒரே குரலில்தான் கேட்டிருக்கும்.

இது பழங்கதையாகவும் முடிந்துவிடவில்லை. பெண்ணாகடத்தைப் போன்றே நடுநாட்டைச் சேர்ந்த எறையூரில், தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டியதை ஒட்டி அவர்களுக்கும் வன்னியக் கத்தோலிக்கருக்கும் இடையே 2008 மார்ச் 9 அன்று மோதல் மூண்டது. காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். அந்நாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. மறு ஞாயிறு குருத்து ஞாயிறு. அதனை அடுத்த வியாழன், பாதம் கழுவும் நாள். இந்நிகழ்ச்சியில் வேண்டப்பட்டது 'பங்கு' என்னும் சொல்லே என்பது கூர்ந்து நோக்கத்தக்கது. ஓர் ஆலயத்திற்குள் பங்கு கிடைக்காதபோது, தனிப் பங்கு கோரப்பட்டது. பிரிவினையை வேண்டினர் என இதனைக் கண்டிப்போர், சேர்ந்திருந்த காலத்தில் அச்சேர்க்கை எத்தகையதாயிருந்தது என்பதற்கும் விடை கூறவேண்டும். பாகப் பிரிவினை கேட்பவர்மீது மட்டும் குடும்பத்தைக் குலைத்தார் எனப் பழி சுமத்துவது நம் ஊர்களில் அறிந்த வழக்கமே. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மேம்பாட்டிற்கான கொள்கை அறிக்கையை வெளியிட்டு, திருச்சபையினுள் நிலவும் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. அறிக்கை ஆயர்கள் மட்டத்தில் எழுதப்படுவது. பன்னிருவர் பட்டியல் ஊரில் எழுதப்படுவது.

பெண்களின் பாதம்

பட்டியலில் மற்றொரு விலக்கு அண்மைக்காலம் வரை விதியாகவே இருந்தது. வழிபாட்டு நூல் 'தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள்' என்றே கூறிவந்தது. திருத்தந்தையின் விருப்பத்தின்படி 2016 ஜனவரியில் வெளியான ஆணை, அதனை 'இறைமக்களிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டோர்' என மாற்றியது. ஆண், பெண், இளையோர், முதியோர், நலமுற்றோர், நோயுற்றோர் எனப் பங்கின் முழு உருவும் அக்குழுவில் தெரியவேண்டும் என்பது அம்மாற்றத்தின் கருத்து. அவ்வாணை உரோமை வழிபாட்டு முறைக்கு மட்டுமே உரியது. கீழைமுறையைச் சேர்ந்த கேரளத்துச் சீரோ மலபார் திருச்சபை, ஆண்கள், சிறுவர் ஆகியோரின் பாதங்களைக் கழுவும் தன் மரபே தொடரும் என 2017இல் தெளிவுபடுத்தியது. திருத்தூதர் பன்னிருவரும் ஆண்களாதலின் குறியீடு சிதையலாகாது என்பது அத்தரப்பின் வாதம். குறியீடு பன்னிருவரைச் சுட்டுகிறதா, பங்கைச் சுட்டுகிறதா என்னும் வேறுபாடே இங்கு அடிப்படை. முன்னதாயின் சடங்கு நாடகத்தை நெருங்குகிறது. பின்னதாயின் பட்டியல் மெய்யானதாக இருந்தாக வேண்டும். பேதுருவாக நடிப்பவரின் பாதத்தைக் கழுவுவதற்கும் ஊர்ப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் சமைப்பவரின் பாதத்தைக் கழுவுவதற்கும் நீர் ஒன்றே, அறச்செயல் ஒன்றன்று.

அதே கேரளத்தில் பெரிய வியாழன் இரவில் சீரிய மரபுக் கிறித்தவர் இல்லங்களில் பெசஹா அப்பம் பகிரப்படுகிறது. குடும்பத் தலைவர் அப்பத்தை ஒடித்து, பாலுடன் ஒவ்வொருவருக்கும் தருவார். அவ்வாண்டில் இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் சுடுவதில்லை. அயல்வீட்டார் கொண்டுவந்து கொடுப்பர். பீடமும் அங்கியும் இன்றி, யாரும் பணிவு என்று பெயரிடாமல் நிகழும் இச்செயலில் கொடுப்பவர் உயரவுமில்லை, பெறுபவர் தாழவுமில்லை. துயரம் அடுத்த ஆண்டு வீடு மாறிவிடக்கூடும் என்பதை இருவரும் அறிவர். அரிஸ்டாட்டில் கூறிய பயிற்சிக்கு ஆலயச் சடங்கைவிட இவ்வழக்கமே அணுக்கமானது எனலாம்.

காலை நீட்டுதல்

கழுவப்படுவதில் உள்ள அரிய கூறு ஒன்று எஞ்சுகிறது. நாற்காலியில் அமர்ந்தோரின் உடல்நிலையைக் கூர்ந்து நோக்கினால் பேதுருவின் தயக்கம் இன்றும் தொடர்வது புலப்படும். கால் சற்றே பின்னிழுக்கப்படும். கை வேட்டியைத் தேவைக்கு மேல் இறுகப் பற்றும். கண் எதிரே இருப்போரைத் தவிர்க்கும். பலர் வீட்டிலேயே காலை நன்கு தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவர். அழுக்கில்லாத பாதத்திலிருந்து நீக்க எதுவும் இல்லை. இதனைப் போலித்தன்மை என நகைப்பது எளிது. ஆனால் வெடித்த குதிகாலையும் சேற்றுப்புண்ணையும் சபை நடுவே காட்ட நாணுவது, வாழ்நாள் முழுதும் அக்காலுக்காகவே தாழ்வாக நடத்தப்பட்டவரின் நாணம். அவரை நோக்கி 'பேதுருவைப்போல் மறுக்காதே' என்று கூறும் உரிமை, அக்குதிகாலை வெடிக்கச் செய்த வயலின் உடைமையாளருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

யோவானின் கதையில் யூதாசின் பாதமும் கழுவப்பட்டது என்பதை உரையாசிரியர் பலர் சுட்டியுள்ளனர். கழுவப்பட்டவர் திருந்தினார் என்று கதை கூறவில்லை. அவர் எழுந்து இரவுக்குள் சென்றார். சடங்கு பயன் தரும் கருவி என்றால் அது தோன்றிய முதல் இரவிலேயே பன்னிருவருள் ஒருவரிடத்தில் தோற்றுவிட்டது. அத்தோல்வியை மறைக்காமல் நற்செய்தியாளர் எழுதிவைத்துள்ளார்.

2025 ஏப்ரல் 17, பெரிய வியாழன் அன்று, நோயிலிருந்து முழுதும் தேறாத பிரான்சிஸ் உரோமையின் ரெஜினா சேலி சிறைக்குச் சென்றார். ஆண்டுதோறும் செய்துவந்ததை இம்முறை செய்ய உடல் இடந்தரவில்லை என அங்கிருந்தோரிடம் கூறி, அவர்களோடு இறைவேண்டல் செய்து திரும்பினார். நீர் ஊற்றப்படவில்லை, துண்டும் விரிக்கப்படவில்லை. நான்காம் நாள் அவர் இறந்தார். அவ்வியாழனன்று சிறையில் நிகழ்ந்தது சடங்கின் குறையா, சடங்கு உரித்து வைத்த உள்ளீடா என்பது குறித்துக் கருத்து வேறுபடலாம். வழிபாட்டு நூல் இச்சடங்கை விருப்பத்திற்கு விட்டிருப்பது இவ்விடத்தில் பொருளுடையதாகிறது. பன்னிருவர் பட்டியலை முகம் பார்த்தும் குடும்பம் பார்த்தும் மட்டுமே எழுத இயலும் நிலையில் உள்ள பங்கு, அவ்வாண்டு அப்பகுதியை விட்டுவிட்டு நேரே மன்றாட்டுகளுக்குச் செல்லலாம். விதி அதனைத் தடுக்கவில்லை. அவ்வாறு விடப்படும் ஆண்டில், ஏன் விடப்பட்டது என்று சபையில் ஒருவர் எழுந்து கேட்கக்கூடும்.